முப்பத்திரண்டு ஜிபி

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வா என்றான், எடுத்துக்கொண்டு போனேன், நீட்டும்போது கைப்பிடி என் பக்கமும் முனை அவன் பக்கமும் இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்தான் என்ன. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, முனையைப் பிடித்து வாங்கி, திருப்பிக்கொண்டு, பழைய பெட்ஷீட்டின் மேல் படுக்கப் போட்டிருந்த கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தான். குனிந்த கழுத்துக்குப் பின்னால் ஒரு குழி. கல்யாணமான புதிதில் அந்தக் குழியில் பவுடர் போட்டுவிட்டிருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தால் இந்த முனை அங்கே எவ்வளவு தூரம் இறங்கும் என்றுதான் தோன்றுகிறது. எலும்பில் இடித்து நிற்குமா, இல்லை பரங்கிக்காயில் கத்தி மாட்டிக்கொள்ளுமே, அப்படி மாட்டிக்கொண்டு வெளியே வராமல் என் மானத்தை வாங்குமா. சீ. "என்ன சீ?" என்றான். "கொசுங்க" என்றேன். பட்டப்பகலில் ஏது கொசு, ஆனால் அவன் மேலே கேட்கவில்லை, பதில் என்று ஒன்று வந்தால் போதும் அவனுக்கு, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. மனசுக்குள் அவன், இவன், சமயத்தில் அதைவிடக் கீழே. வாயைத் திறந்தால் மட்டும் ஒரு 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நாக்கை அறுத்துக் கீழே போட்டாலும் அது 'ங்க, ங்க' என்றுதான் துடிக்கும் போல.

"உங்கண்ணன் வர்றதுக்குள்ள முடிச்சிடணும் வசு" என்றான். நல்ல மூடில் இருக்கிறான். நல்ல மூடில் இருந்தால் வசு, இல்லாவிட்டால் ஏய், அதற்கும் மேலே போனால் பேரே கிடையாது. கறிக்குழம்பு சாப்பிட்ட ஏப்பத்தோடு சொல்கிறான், பட்டனை அமுக்கின கையை எடுக்கிறதுக்குள்ள ஸ்க்ரீன் வந்து நிக்கணும், மச்சான் அசந்துடணும், அப்புறம் நம்ம பரிசு வாங்கின வீடியோவைப் போட்டுக் காட்டணும். போன வருஷம் அவனுடைய கம்பெனியில் பாதுகாப்பு வார விழாவில் இவனுக்குப் பரிசு கொடுத்தார்கள். சிறந்த பாதுகாப்பு மேற்பார்வையாளர் குமரகுரு. நான்தான் அந்த வீடியோவுக்கு நாதஸ்வரம் சேர்த்து எடிட் பண்ணிக் கொடுத்தேன், மேடையில் அவன் கும்பிடுகிற இடத்தில் பூ உதிர்கிற மாதிரி வைத்தேன், வயிறு எரிய எரிய வைத்தேன். கூட வேலை செய்கிற ஆல்பர்ட் சொல்லிக்கொடுத்தானாம், எஸ்எஸ்டி என்கிற வேகமான சின்ன டிஸ்க்கை வாங்கி மாட்டிவிட்டு அதைக் கேச்சுக்கு விட்டு வைத்திருப்பது முட்டாள்தனம், விண்டோஸை அதில் போடு, கம்ப்யூட்டர் பறக்கும் என்று. வாங்கி மாட்டியது நீ இல்லை குமரகுரு, நான். காட்டூரில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் புதிது போட்டபோது ஒதுக்கி வைத்ததைக் கேட்டு வாங்கி வந்தேன், உள்ளங்கை அகலம், முப்பத்திரண்டே ஜிபி. பக்கத்தில் இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க் பெரிசு, எல்லாம் கொள்ளும், ஆனால் எருமை. அது பரண் என்றால் இது அஞ்சறைப்பெட்டி. பரணில் மூட்டை மூட்டையாக இருந்தாலும் சமைக்கிறவளுக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் அஞ்சறைப்பெட்டி வேண்டும். கேச்சாக விட்டால் நான் எதை அடிக்கடி தொடுகிறேன் என்று தானாகவே கவனித்து அதைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும். புதிதாக எதைச் சேமித்தாலும் முதலில் தானே வாங்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாகப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றிவிடும். நாள் முழுக்க வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிற எனக்கு அதுதான் சரி. அதில் விண்டோஸைப் போட்டால் ஆன் பண்ணும்போது மட்டும் வேகம், அதற்கப்புறம் எருமை எருமைதான். ஆனால் இவனுக்கு ஆன் பண்ணுவது மட்டும்தான் வேலை. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க வேண்டும். வந்து நின்ற பிறகு அது என்ன பாடுபட்டால் இவனுக்கு என்ன.

இதையெல்லாம் எதற்கு மண்டைக்குள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றால், அந்த முப்பத்திரண்டு ஜிபிக்குள் வியாழக்கிழமை இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் தயிர் புளித்துவிட்டது. கதவைச் சாத்திட்டு வா என்றான். எப்போதும் அப்படித்தான், அவன் போய்ச் சாத்த மாட்டான், நான்தான் போய்ச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றி டிவி மேல் வைத்து, வளையலைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்து, முதுகைக் காட்ட வேண்டும். உடைந்த வளையல் குத்தும் என்று கழற்றச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். பாதுகாப்பு மேற்பார்வையாளர் இல்லையா. ஆனால் இந்த முறை மானிட்டர் மேல் இருக்கிற கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதன் சின்ன விளக்கு தெரியாமல் இருக்க என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டியிருந்தேன். அதற்கு முன்னால் மூன்று நாள் அதேபோல ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன், மூன்று நாளும் மகராசன் சிரித்த முகம், பூ வாங்கி வந்தான், எனக்குக் கோபமாக வந்தது, அடியேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அடி வாங்கக் காத்திருந்து, அடி விழவில்லையே என்று ஏங்கின பெண்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வியாழக்கிழமை விழுந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் சேவ் பண்ணினேன். வெளியே வந்தவன், ராத்திரியில என்னடி கம்ப்யூட்டர் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டான். வெள்ளிக்கிழமையிலிருந்து கம்பெனியில் மெஷின்களுக்குப் பராமரிப்பு, இவனுக்கு லீவு, வீட்டோடு இருக்கிறான், நான் கம்ப்யூட்டர் பக்கம் போகவே இல்லை. ஆகவே வியாழக்கிழமை இன்னும் பெரிய டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை, சின்னதின் கையிலேயே இருக்கிறது. முதலில் கம்ப்யூட்டரைப் பழையபடி ஆன் பண்ணி, கேச்சை நிறுத்து என்று சொல்ல வேண்டும், சொன்னால் கையில் இருப்பதையெல்லாம் பெரியதிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விலகும். அப்புறம் கழற்றலாம். அதைச் செய்யாமல் அழித்தால் வியாழக்கிழமை போச்சு, அதோடு பெரிய டிஸ்க்கும் பாதிக் கணக்கு தெரியாமல் பேந்தப் பேந்த விழிக்கும். இது ஆல்பர்ட்டுக்குத் தெரியாது. இவனுக்கும் தெரியாது. இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன சாக்கில் அடுத்த வீட்டு அக்காவின் போனை வாங்கி வெள்ளிக்கிழமையே அண்ணனிடம் பேசிவிட்டேன். அண்ணனுக்கு ஏற்கெனவே சொன்னதுதான், நாலு தடவை சொன்னது, நாலு தடவையும் குமரகுரு தங்கமான பிள்ளைம்மா, குடிக்கிறாரா, வேற சகவாசம் உண்டா, நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும் என்றார். அண்ணன் முன்னால் முதுகைத் திறந்து காட்டவா முடியும். அண்ணியிடம் ஒருமுறை காட்டினேன். பீரோவுல இடிச்சுக்கிட்டியா வசு என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே ஜாக்கெட்டை இழுத்து மூடிவிட்டாள், மூடின வேகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் மூடினாள். வெள்ளிக்கிழமை சொன்னேன், இந்தத் தடவை காட்ட ஒண்ணு இருக்குண்ணே, வந்து பாருங்க. அண்ணன் இருமிவிட்டுச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை வர்றேன். ஆனா ஒண்ணு வசு, கண்ணால பாக்காம நான் மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியாது. பாத்துட்டேன்னா கேட்கிற விதமே வேற. அன்னைக்கே உன்னைக் கூட்டிட்டு வந்துடுவேன்." அவ்வளவுதான் என் வாழ்க்கை. பார்த்தால் இன்றைக்கு ராத்திரி புதுக்கோட்டை. பார்க்காவிட்டால் இங்கே, இந்த ஹாலில், இந்தத் தயிருக்குப் பதில் சொல்லிக்கொண்டு. புதுக்கோட்டையில் பஸ் ஏறிவிட்டார் என்று இவனுடைய போனுக்குத்தான் தகவல் வந்தது, என் போனை இவன் போன மாதமே சுவரில் அடித்துவிட்டானே.

"இது என்ன?" என்றான். தகட்டைச் சாய்த்து வைக்க எழுந்தவன் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேமராவைப் பார்த்துக்கொண்டு. பொட்டு. எடுக்கவில்லை நான், மூதேவி, எடுக்க மறந்துவிட்டேன், வியாழக்கிழமையிலிருந்து அது அங்கேயே இருக்கிறது, சிவப்பாக. தெரியும், இவனுக்குத் தெரியும், தெரிந்துதான் காலையிலிருந்து சிரிக்கிறான், ஆல்பர்ட் என்று ஒருத்தன் சொல்லவே இல்லை, அழிப்பதற்காகத்தான் கழற்றுகிறான், என்னையே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுக்க வைத்து அழிக்கிறான். அம்மிக்குழவி அடுப்படியில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி பீரோவுக்குப் பக்கத்தில். பக்கத் தகடு, அது கையெட்டும் தூரத்தில், அதன் ஓரம் கூர்மை, இரண்டு கையாலும் தூக்கினால் நெற்றிப்பொட்டில் சரியாக. "பொட்டுங்க" என்றேன். "பொட்டுன்னு தெரியுது. கம்ப்யூட்டருக்கு எதுக்குப் பொட்டு?" "குளிக்கப் போறப்ப ஒட்டினது. கண்ணாடியில ஒட்டினா நீங்கதானே திட்டுவீங்க." பாத்ரூம் கண்ணாடியில் பொட்டு ஒட்டினதற்கு ஒருநாள் கிடைத்தது, அது இப்போது கை கொடுத்தது. நகத்தால் சுரண்டி எடுத்தான், எடுத்து, என் அருகில் வந்து, என் நெற்றியில் ஏற்கெனவே இருந்த பொட்டின் மேலேயே அதை அமுக்கி ஒட்டினான். சிரித்தான். தெரியாது. இவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவனால் இப்படிச் சிரிக்க முடியாது, அந்த அளவுக்குப் புத்தி கிடையாது. நெற்றியில் அவன் கட்டைவிரல் அமுக்கின இடம் சுட்டுக்கொண்டே இருந்தது.

உட்கார்ந்துவிட்டான் திரும்ப. ஒயர்களைப் பிடுங்கி மாற்றுகிறான், சின்னதை முதல் சாக்கெட்டில் மாட்ட வேண்டுமாம். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கட்டைவிரலை நினைத்தால் கட்டைவிரல் மட்டும் வருவதில்லை, மோதிரம் வருகிறது, மோதிரம் வந்தால் தோள்பட்டை எலும்பு வருகிறது, அது வந்தால் கதவுத் தாழ்ப்பாளின் சத்தம். எதை நினைக்க உட்கார்ந்தாலும் முதலில் இவைதான் ஓடி வந்து நிற்கின்றன. நேற்று அப்பாவின் குரலை நினைத்துப் பார்க்கலாம் என்று முயன்றேன், சும்மாதான், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது. வரவில்லை. முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் இல்லை. காலேஜில் நான் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கப்பு எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது, தெரியவில்லை. கடைசியாக நானாக எதற்குச் சிரித்தேன், தெரியவில்லை. ஆனால் எந்தப் படியில் இவன் செருப்புச் சத்தம் மாறினால் என்ன மூடு என்று தெரியும், சாவியை மேஜையில் வைக்கிறானா எறிகிறானா என்று தூக்கத்திலும் தெரியும். என் மண்டையும் முப்பத்திரண்டு ஜிபிதான். அடிக்கடி தொட்டது உள்ளே இருக்கும், தொடாதது வெளியே போய்விடும், அதற்கு நல்லது கெட்டது தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். இவன் அடிக்கடி தொட்டான். ஆகவே நான் முழுக்க இவன். இது நினைவுக்கு வந்ததும் அழுகை வரவில்லை, கொலைவெறி வந்தது. அடித்தது பரவாயில்லை, உள்ளே உட்கார்ந்துகொண்டு என் அப்பாவை வெளியே தள்ளினாயே, அதற்கு உன்னை என்ன செய்யலாம். டார்ச் ஆடியிருக்கிறது. "நேரா பிடிடி" என்றான். நேராகப் பிடித்தேன்.

பென் டிரைவைச் சொருகி ஆன் பண்ணினான். நீலத் திரை வந்தது, அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனான், கடைசியில் இரண்டு டிஸ்க்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. சின்னதன்மேல் அம்புக்குறியை வைத்தான். 'டெலீட்' என்று கீழே இருந்தது. இதில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. திரை கேட்டது அவனைத்தான், ஆனால் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "இதுல ஒண்ணும் இல்லல்ல?" என்றான். ஒன்றும் இல்லையா. ஒரே ஒரு வாக்கியம் போதும். கொஞ்சம் பொறுங்க, முதல்ல கேச்சை நிறுத்தணும். சொல்லலாம். சொன்னால், ஏன், அதுல என்ன இருக்கு என்பான். ஆல்பர்ட்டைவிட உனக்குத் தெரியுமா என்பான். தெரியும் என்றால் அது ஒரு தனிக் குற்றம். நிறுத்திவிட்டு, எல்லாம் பெரிய டிஸ்க்குக்கு வந்த பிறகு, அப்படி என்னடி இருக்கு என்று ஒவ்வொன்றாகத் திறப்பான், திறந்தால் முதலில் நிற்பது வியாழக்கிழமை. அண்ணன் வருவதற்குள் அதை அவன் பார்த்தால் அண்ணன் பார்க்க நான் இருக்க மாட்டேன். சொல்லாவிட்டால் வீடியோ இல்லை. காட்ட ஒண்ணு இருக்கு என்று சொல்லி வரவழைத்துவிட்டு, இல்லைண்ணே, அழிஞ்சுபோச்சு என்று சொன்னால் அண்ணனின் முகம் எப்படிப் போகும் என்று தெரியும், அந்த முகத்தோடு மாப்பிள்ளையுடன் காபி குடித்துவிட்டு பஸ் ஏறுவார். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். கண்ணால பாக்காம, கண்ணால பாக்காம. அந்த வார்த்தை மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, கரண்டு போய் வந்தவுடன் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்குமே, அப்படி ஆரம்பித்து வேகம் பிடித்தது. கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதானே சொன்னார். வீடியோவில் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லையே. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பெரிய டிஸ்க்கும் சேர்ந்து கெடும். பரிசு வீடியோ, பூ உதிர்கிற வீடியோ, மச்சானுக்குப் போட்டுக் காட்டப்போகிற வீடியோ, அது திறக்காது. திறக்காதபோது இவன் என்ன செய்வான் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "என்னடி, கேட்கிறேன்ல?" என்றான். "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "பண்ணுங்க." அமுக்கினான். வியாழக்கிழமை போயிற்று.

இதற்குப் பிறகு காத்திருப்பதுதான். திரையில் எண் ஏறுகிறது, நிற்கிறது, ஏறுகிறது. அவன் சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். அண்ணன் எந்த இடத்தில் இருப்பார், கீரனூர் தாண்டியிருப்பாரா, பஸ் நின்று டீ குடிக்கிறாரா, ஆப்பிள் வாங்காமல் வர மாட்டார், அதற்கு ஒரு நேரம் ஆகும், பழக்கடையில் பேரம் பேசுவார், பேசாதீர்கள் அண்ணே, இன்றைக்கு மட்டும் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு ஓடி வாருங்கள். எண் வேகமாக ஏறினால் வாசல் பக்கம் பார்க்கிறேன், நின்றால் நிம்மதியாக இருக்கிறது. சின்ன டிஸ்க்காயிற்றே, சீக்கிரம் முடித்துவிடும், எருமையில் போட்டிருந்தால் பொழுது சாயும், இந்தப் பாவி எல்லாவற்றையும் வேகமாகச் செய்யும், நான்தான் கொண்டுவந்து மாட்டினேன். முன்னாடியே முடிந்துவிட்டால் அண்ணன் வருவதற்குள் அடியும் முடிந்துவிடும். முகம் கழுவிக்கொண்டு வா என்பான், கழுவிக்கொண்டு வந்து அண்ணனுக்குக் காபி கொடுப்பேன். பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பயம்தான். தோள்பட்டை இப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது, அதற்கும் தெரிந்துவிட்டது. பேசாமல் இப்போதே சொல்லிவிடலாமா, தெரியாமல் பண்ணிட்டோம், வீடியோ போயிருக்கும், கோபப்படாதீங்க என்று. காலில் விழுந்தால் பாதியோடு விட்டுவிடுவான், சில நாள் விட்டிருக்கிறான். ச்சே, அந்தப் பாதிக்கு நன்றி சொல்லிச் சொல்லித்தானே இவ்வளவு காலமும் ஓடிற்று. காபிக்குப் பால் வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். அம்மிக்குழவியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இதை எடுத்தால் நான் ஜெயிலுக்குப் போவேன், இவன் பேப்பரில் நல்லவனாக வருவான், பரிசு வாங்கின போட்டோவோடு வருவான். வேண்டாம். குழவியை விட்டுவிட்டுப் பாலை வைத்தேன், பொங்கவும் இல்லாமல் ஆறவும் இல்லாமல் அடுப்பைச் சிறிதாக்கி வைத்தேன்.

"வந்துருச்சு, வந்துருச்சு, வசு, இங்க பாரு" என்று கத்தினான். ஓடினேன். அணைத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணிக் காட்டினான், கையை எடுப்பதற்குள் திரை வந்து நின்றது, சொன்ன மாதிரியே. குழந்தை மாதிரிக் கை தட்டினான். அந்த நொடியில் இவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, கேவலம், பாவமாகத்தான் இருந்தது. போன் அடித்தது, எடுத்து, "வாங்க மச்சான், தெருமுனைக்கு வந்துட்டீங்களா, வாங்க வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று சிரித்தான். போனை வைத்துவிட்டுப் பெரிய டிஸ்க்கைத் திறந்தான். திறக்கவில்லை. இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. மறுபடி அமுக்கினான், மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை மவுஸைத் தட்டினான், அப்புறம் மேஜையைத் தட்டினான். "என்னடி இது?" என்றான். "பரிசு வீடியோ எங்க? என் தங்கச்சி கல்யாணம் எங்க? எல்லாம் எங்கடி?" முகத்தில் ரத்தம் ஏறுவது கழுத்திலிருந்து ஆரம்பிக்கும், ஆரம்பித்தது. இன்னும் போதாது. தெருமுனையிலிருந்து வந்து மாடி ஏற வேண்டும், அதற்குள் இவன் அடங்கிவிடக் கூடாது, மச்சான் வருகிறார் என்று நினைவு வந்தால் முகத்தை மாற்றிக்கொள்வான், அதில் கெட்டிக்காரன். ஆகவே சொன்னேன். "முதல்ல கேச்சை நிறுத்திட்டு அப்புறம்தான் அழிக்கணும். நிறுத்தாம அழிச்சா ரெண்டும் போயிடும்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அதன் வாலில் 'ங்க' இல்லை. "உனக்குத் தெரியுமா?" என்றான், மெதுவாக. "தெரியும்." "தெரிஞ்சுமா பண்ணுன்னு சொன்ன?" "தெரிஞ்சுதான் சொன்னேன்." எழுந்தான். மச்சான், தெருமுனை, ஆப்பிள் எல்லாம் அவன் முகத்திலிருந்து துடைத்த மாதிரிப் போய்விட்டன. மோதிரத்தைத் திருகி நேராக்கிக்கொண்டான். "கதவைச் சாத்திட்டு வா" என்றான்.

போனேன். எப்போதும் போகிற அதே நடைதான், அதே பத்தடி ஹால்தான். கீழே கேட் கிறீச்சிட்டது, படியில் அண்ணனின் இருமல், முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்பார். காற்றுக்காக ஒருக்களித்து வைத்திருந்த கதவைப் பிடித்தேன். கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது, பழக்கம், சாத்திவிடு, அக்கம்பக்கம் கேட்கும், மானம் போய்விடும் என்று கை சொன்னது. கையைக் கடிக்க வேண்டும் போல் இருந்தது. கதவை இழுத்து, சுவரோடு சுவராகத் திறந்து வைத்தேன். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்ணன் உட்கார எடுத்து வைத்திருந்த ஸ்டூலை முட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தேன். அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தான். "சாத்திட்டியா?" "ஆச்சு." கண்ணாடியைக் கழற்றி டிவி மேல் வைத்தேன். வளையலைக் கழற்றவில்லை. முதுகையும் காட்டவில்லை, நேராக, அவன் முகத்துக்கு நேராக நின்றேன். "திரும்புடி" என்றான். திரும்பவில்லை. படியில் செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்தது. அவன் கை வந்தது. முகத்தில் வாங்குவது இதுதான் முதல் தடவை, காதுக்குள் பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம், உதட்டில் உப்பு. தடுக்கவில்லை, ஆனாலும் கை மேஜையில் மோதி வளையல் உடைந்தது. தலைமயிரைப் பிடித்து இன்னொன்று. "மாப்பிள்..." என்று சந்தோஷமாக ஆரம்பித்த குரல் பாதியில் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் பை கீழே விழுந்து ஆப்பிள்கள் ஹாலுக்குள் உருண்டு வந்தன. என் தலைமயிரை இன்னும் விடாமலே குமரகுரு திரும்பிப் பார்த்தான். கண்ணாடி இல்லாததால் வாசலில் நின்றவரின் முகம் எனக்குத் தெரியவில்லை, வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது.

"பாத்துட்டீங்கல்லண்ணே" என்றேன். "இப்பக் கேளுங்க."